டாஃப்டுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு,

அமெரிக்கச் சீர்திருத்தக் காலம் பற்றிய கட்டுரையில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பத்தி பத்தியாக இடம். அடுத்து அதிபராக வந்த வில்லியம் டாஃப்டுக்கு (1909–1913) ஒரே வரி, அதுவும் அவரது உடல் பருமனைப் பற்றி! ஏகபோக நிறுவனங்கள் மீது ரூஸ்வெல்ட் அரசு ஏழரை ஆண்டில் தொடுத்த வழக்குகள் நாற்பதுக்குச் சற்று மேல். டாஃப்ட் அரசு நான்கே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கு தொடுத்தது.

1910-இல் வந்த அஞ்சலகச் சேமிப்புச் சட்டத்தைக் கட்டுரை தொடவே இல்லை. வங்கி திவாலாகுமோ என்று பயந்த கூலிக்காரர்களுக்கும் குடியேறிகளுக்கும் அரசு உத்தரவாதம். வட்டி 2 சதவீதம். தொடக்கத்தில் இருப்பு வரம்பு 500 டாலர். கணக்குக்கு ஒரு டாலர் வேண்டியிருந்தது. இல்லாதவர் 10 சென்ட்டுக்குச் சேமிப்பு அட்டை வாங்கி, அஞ்சல்தலை போன்ற 10 சென்ட் சேமிப்புத் தலைகள் ஒன்பதை அவ்வப்போது ஒட்டி நிரப்பிக் கொடுத்தால் போதுமாக இருந்தது.

அவர் சறுக்கியது இறக்குமதி வரியில். குறைப்பதாகச் சொல்லி வந்த மசோதாவில் செனட் நூற்றுக்கணக்கான திருத்தங்களைத் திணித்தது. 1909-இல் அதில் கையெழுத்திட்டதோடு நிற்காமல், தன் குடியரசுக் கட்சி நிறைவேற்றியதிலேயே சிறந்த வரிச் சட்டம் என்று பாராட்டவும் செய்தார். சொந்தக் கட்சிச் சீர்திருத்தவாதிகளே விலகினார்கள். 1912 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் எதிரே நின்றார். டாஃப்டுக்குத் தேறியவை யூட்டா, வெர்மாண்ட் என இரண்டே மாநிலங்கள், மொத்தம் 8 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்).