செல்போன் போர்டு வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போனுக்குள் பார்ட்டுகள் பொருத்திய சர்க்யூட் பலகையான போர்டில்தான் அதிகம் வேலை வரும்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி போன் கொண்டுவந்தார். வேறெங்கோ பேட்டரி மாற்றியிருக்கிறார், அதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பேட்டரி கனெக்டரை ஒட்டி ஓரிடம் காலி. காலியாக இருப்பதெல்லாம் பார்ட் போன இடம் இல்லை. கம்பெனியே பொருத்தாமல் விட்ட இடங்களும் போர்டில் உண்டு. அங்கெல்லாம் ஈயம் வழவழவென்று இருக்கும். இங்கே ஈயம் பிய்ந்து சொரசொரப்பாக இருந்தது, பார்ட்டின் உடைந்த ஓரம் ஒன்று ஒட்டிக்கொண்டும் இருந்தது. பேட்டரியை நெம்பியபோது பெயர்ந்திருக்கிறது.

சரி, அங்கே இருந்தது என்ன? 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம் உள்ள கெபாசிட்டரிலோ ரெசிஸ்டரிலோ மதிப்பு எதுவும் அச்சிட்டிருக்காது. மல்டிமீட்டரில் அந்த இடத்தின் ஒரு முனை கிரவுண்டு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கம், காட்டினால் பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர். அதில் ஒன்று குறைந்தாலும் பல போன்கள் ஓடிவிடும். இதில் இரண்டு முனையுமே கிரவுண்டு இல்லை. லைனைத் தொடர்ந்து போனால், பேட்டரியின் சூட்டை அளக்கும் லைன். அங்கே இருக்க வேண்டிய ரெசிஸ்டரின் மதிப்பு மாறினால் போன் சூட்டைத் தப்பாகக் கணக்கிடும். சூடேறிய பேட்டரிக்கும் சார்ஜ் போய்க்கொண்டே இருக்கலாம். குத்துமதிப்பாக ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து அதே மாடலின் டெட் போர்டு (இனி ஓடாத பழைய போர்டு) ஒன்றை வரவழைத்து, அதிலிருந்த ரெசிஸ்டரைக் கழற்றி அளந்து பார்த்துப் பொருத்தினேன். சார்ஜ் ஏறியது. ஆனால் மிக அற்பமான விலையுள்ள ஒரு பார்ட்டுக்காக அந்தப் பெண் ஒரு முழு போர்டின் விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. டெட் போர்டு கிடைக்காத மாடல் என்றால் போன் குப்பைக்குத்தான் போயிருக்கும். வரைபடம் இருந்திருந்தால் மதிப்பைப் பார்த்து அப்போதே முடித்திருப்பேன்.

ஒரு காலத்தில் ரேடியோ, டிவி சர்க்யூட் படங்கள் மெக்கானிக்குகளுக்குப் புத்தகமாகவே கிடைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் செல்போன்களின் போர்டு வரைபடம் உள்ளிட்ட பழுதுநீக்கும் விவரங்களைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. இங்கே விற்கும் ஒவ்வொரு மாடலின் போர்டு வரைபடத்தையும் அதில் ஏற்றச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

கம்பெனியின் மென்பொருள் ரகசியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. எந்த இடத்தில் என்ன பார்ட், அதன் மதிப்பு என்ன, இவ்வளவுதான். நியாயமான கட்டணம் வைத்தாலும் கட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்குநர் ஒருவர்,
திண்டுக்கல்.