அப்பாவைத் தேட உதவியவர்களுக்கு

முதலியார்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் கடலூர் முதுநகரிலும் எனக்குக் கதவு திறந்த எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆனால் உங்களில் பலர் பெயர்கூடச் சொல்லாமல் வழி காட்டிவிட்டுப் போனீர்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். என் அப்பாவுக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். புதுச்சேரியின் பெரிய பஞ்சாலை ஒன்றில் தறி ஓட்டினார். 1988-ல், எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படமும் 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயலில் ஓடு பறந்தபோது நனைந்து உருவம் அழிந்துபோனது. அதன் பிறகு எனக்குள் இருந்த அப்பாவின் முகம் நிஜமாகப் பார்த்த முகமா, நானே செய்துகொண்ட முகமா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதல் நன்றி எங்கள் இயற்பியல் சாருக்கு. "பழைய காலத்துக்குப் போய்ப் பார்க்க வழியே இல்லையா சார்?" என்று நான் கேட்டதை நீங்கள் சிரித்துத் தள்ளவில்லை. ரொனால்ட் மாலெட் என்ற அமெரிக்க இயற்பியலாளரைப் பற்றிச் சொன்னீர்கள். அவருடைய அப்பா தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்ப்பவர். 1955-ல், 33 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். மகனுக்கு அப்போது 10 வயது. அப்பாவை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் பையன் இயற்பியல் பக்கமே வந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். சுழலும் லேசர் ஒளியால் காலத்தையே வளைக்கலாம் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் பலர் ஏற்கவில்லை. ஏற்றாலும் ஒரு தடை இருக்கிறது. அப்படிப்பட்ட இயந்திரம் ஓட ஆரம்பித்த நாளுக்கு முன்னால் யாராலும் போக முடியாது. 1955 அவருக்கு எட்டாத தூரம்தான். அது அவருக்கும் தெரியும்.

அன்று ராத்திரி முழுக்க இதே யோசனை. அப்பா இருந்த காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஏதாவது ஒன்று வேண்டும். அப்போதுதான் தோன்றியது: பக்கத்துத் தறியில் நின்றவர்கள் இருப்பார்களே! நான் பிறப்பதற்கு முன்பே அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் ஊரில் இன்னும் இருக்குமே!

அடுத்த நன்றி, கேட்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த உளவியல் பேராசிரியைக்கு. எலிசபெத் லோஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-ல் வெளியிட்ட சோதனையை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன். கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்த்தவர்களிடம் "மோதியபோது என்ன வேகம்?" என்பதற்குப் பதிலாக "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று கேட்டாலே வேகத்தைக் கூட்டிச் சொன்னார்களாம்; ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் கூடுதல் பேர் சொன்னார்களாம். "அவர் கோபக்காரரா என்று கேட்காதே. அவர் எப்படி என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்" என்றீர்கள். அப்படியே செய்தேன்.

ஜூலை 30-ல் கூடியிருந்த பெரியவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! 1936-ல் அதே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட 12 ஆலைத் தொழிலாளர்களுக்கு மாலை போட வந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "யார் மவன் நீ?" என்று ஒருவர் கேட்க, பெயரைச் சொன்னதும் இன்னொருவர் எழுந்தே விட்டார்.

நீங்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நல்ல பேச்சுக்காரன் என்றார் ஒருவர். கர்வம் பிடித்தவன், தெருவில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்றார் இன்னொருவர். ஆனால் ஒருவரையொருவர் பார்த்தே பல வருஷம் ஆன மூன்று பேர், நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னீர்கள்: காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பாராம். முதலில் தறிச் சத்தத்துக்காக. அப்புறம் காது வலிக்காக, வெளியே வந்தாலும்.

இதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். டாக்டர், உங்களுக்கும் நன்றி. 85 டெசிபலுக்கு மேலான இரைச்சலில் தினமும் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் நின்றால் காது கெடும், பழைய தறிக்கூடங்களில் 90-க்கு மேலேயே போகும் என்று விளக்கினீர்கள். முதலில் போவது உயர்ந்த சுருதி. ஆண்களின் குரலைவிடப் பெண்கள், குழந்தைகளின் பேச்சைப் பிடிப்பதுதான் கஷ்டமாகும் என்றீர்கள். பார்க்காத மனிதரைப் பற்றி முடிவாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னீர்கள். சரிதான்.

ஆனாலும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கூப்பிட்டா மனுஷன் திரும்ப மாட்டாரு" என்பதுதான் அத்தனை வருஷமும் அம்மாவின் புகார். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பேச்சுக்காரர்னு யாரு சொன்னது? என்ன பேசுவாராம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அப்பாவைப் பற்றி அம்மா ஆசையாகக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். பெரியவர்களே, இது நீங்கள் கொடுத்தது.

நகராட்சியில் 1983-ஆம் வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டிக் காட்டிய அக்காவுக்கும் நன்றி. நான் வீட்டிலேயே பிறந்தவன். அதனால் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தமிழில், பெரிய பெரிய எழுத்தாக. நான் தடவிப் பார்த்ததை நீங்கள் தடுக்கவில்லை.

1979-ல் எடுத்த தொழிற்சங்கக் குழுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்த நெல்லித்தோப்பு மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். பின்வரிசையில் ஒருவருடைய தோளுக்குப் பின்னால் அப்பாவின் பாதி முகம் தெரிகிறது. அவருக்கு அப்போது 23 வயது. நாற்பதைத் தாண்டிய நான் அந்தப் பையனைப் பார்த்து என்ன கோபப்படுவது? இத்தனை நாள் நான் தேடியது வீட்டை விட்டுப் போனவரை. நீங்கள் காட்டியது, அப்படிப் போவதற்கு ரொம்ப முந்தியவரை.

1988-க்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவும் இப்போது கூட வருகிறார். இருந்தால் அவருக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். பழைய ஆலைக் கதை பேசும் அப்படி ஒரு பெரியவரை எங்காவது பார்த்தால், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நின்று, கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். கடலூர் முதுநகரில் மகன் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகன்