ஓடு அழுகுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் கழிவிலிருந்து பிளாஸ்டிக் தயாரிப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இறாலும் கணவாயும் பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் 22 வருடம் இருந்தவள் நான். நாங்கள் கொட்டிய குப்பையை இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள் என்று படிக்கும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கட்டுரை ஆய்வுக்கூடத்தில் ஆரம்பித்து ஆய்வுக்கூடத்திலேயே முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் உரிக்கிற மேசை ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் நன்றாக வருமா வராதா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி, தலையும் ஓடும்தான். உரித்த சதை உடனே ஐஸுக்குப் போகும். அதற்கு வெப்பமானி உண்டு, நேரம் எழுதும் நோட்டு உண்டு, கீழே என் கையெழுத்து உண்டு. ஓடு மேசைக்குக் கீழே இருக்கும் கூடையில் விழும். அதற்கு எதுவும் கிடையாது. காலையில் ஆரஞ்சு கலந்த சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்த ஓடு, மதியத்துக்குள் ஓரங்களில் கறுத்துவிடும். கூடைக்குள் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். மாலையில் லாரி வரும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இறால் செத்தாலும் அதன் தலையில் இருக்கும் செரிமான நொதிகள் சாவதில்லை. பக்கத்தில் கிடப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டே இருக்கும். நுண்ணுயிரிகளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்றால், ஓட்டில் நமக்கு வேண்டிய கைட்டின் என்பது நீளநீளமான சங்கிலிகளாகக் கோத்த ஒரு பொருள். ஓட்டின் எடையில் 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். மீதி சுண்ணாம்புச் சத்தும் புரதமும். அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை எடுப்பார்கள், காஸ்டிக் சோடா போன்ற காரத்தில் வேகவைத்துப் புரதத்தை எடுப்பார்கள். மிஞ்சும் கைட்டினை அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். அதை வினிகர் மாதிரி லேசான அமிலத்தில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவிட்டால் பிளாஸ்டிக் தாள் போல உரித்து எடுக்கலாம். சங்கிலி நீளமாக இருந்தால் தாள் மடங்கும், இழுத்தால் தாங்கும். அழுகலில் சங்கிலி அங்கங்கே அறுந்துபோனால் அதே தாள் உதிரும்.

ஊசிக் கணவாயை (ஸ்க்விட்) வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதன் முதுகுப் பக்கம் உள்ளே நீளமாக ஒரு தகடு இருக்கும். தண்ணீரில் அலசிப் பார்த்தால் நிறமே இல்லாமல் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரல் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த பெண்களில் சிலர் கணவாய் பிளாஸ்டிக்கை விழுங்கிவிட்டது என்று பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அதுவும் கைட்டினும் புரதமும்தான். இறால் ஓட்டைப் போல சுண்ணாம்பு ஏறாதது, அதனால் அமிலச் செலவு குறைவு. இவ்வளவு சுத்தமான சரக்கைக் குடலோடும் மையோடும் ஒரே வாளியில் போட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

உங்கள் கட்டுரை லூசி ஹியூஸின் மரீனாடெக்ஸ் பற்றி நாலு வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருள் வடிவமைப்பு படித்த அந்த மாணவி, மீன் தோலையும் செதிலையும் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த பசையோடு சேர்த்து ஒளி ஊடுருவும் தாள் ஒன்றைச் செய்தார். நூறுக்கு மேற்பட்ட சோதனைகள், அதில் பெரும்பகுதி மாணவர் விடுதியின் சமையலறையில்! 2019இல் சர்வதேச ஜேம்ஸ் டைசன் விருது அதற்குத்தான் கிடைத்தது. நாலு முதல் ஆறு வாரத்தில் மக்கிவிடும் என்று அவர் சொல்கிறார். எனக்கு இதில் பிடித்தது, செதிலை ஒரு பொருளாக அவர் மதித்துப் பார்த்தது. செதில் ஒட்டிய கையைக் கழுவாமல் காயவிட்டுப் பாருங்கள். நகத்தைப் போல விறைக்கும். ஈரம் பட்டால் மறுபடி இளகும். அதன் பலமும் பலவீனமும் அந்த இரண்டிலேயே இருக்கிறது.

தோல் விஷயத்திலும் பிரித்து வைப்பதுதான் உயிர்நாடி. குளிர்கடலில் வாழும் காட் மீனின் தோலிலிருந்து எடுக்கும், தாள் செய்ய உதவும் ஜெலட்டின் என்ற பசைப் புரதம், நல்ல குளிரில்தான் உறையும். வெப்பமான தண்ணீரில் வளரும் திலாப்பியாவின் ஜெலட்டின் அதைவிட அதிக வெப்பநிலையிலேயே உறைந்துவிடும். இரண்டு தோலையும் ஒரே டிரம்மில் கொட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். அப்படிப்பட்ட சரக்கை வாங்கி எந்தத் தொழிற்சாலை இயந்திரம் ஓட்டும்?

எண்ணெய்க் கதை இன்னும் தெளிவானது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பிரான்செஸ்கா கெர்ட்டனின் குழு, சால்மன் மீனின் சதையை எடுத்த பிறகு மிஞ்சும் தலை, தோல், குடலிலிருந்து எடுத்த எண்ணெயில் பாலியூரிதேன் போன்ற பொருளைச் செய்து, 2021இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் அறிவித்தது. மெத்தை நுரையிலிருந்து செருப்பு அடிப்பாகம் வரை இருப்பது பாலியூரிதேன். வழக்கமான முறையில் அதற்கு ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் வேண்டும், அதைச் செய்ய ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வேண்டும். இவர்கள் எண்ணெயில் உள்ள, எளிதில் வினைபுரியும் இரட்டைப் பிணைப்புகளில் நிதானமாக ஆக்சிஜனைச் சேர்த்து, அதோடு கரியமில வாயுவைச் சேர்த்து, அப்புறம் நைட்ரஜன் உள்ள அமீன்களால் இணைக்கிறார்கள். மீன் எண்ணெயில் அந்த இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருப்பதுதான் இதற்கே ஆதாரம். ஆனால் வெயிலில் கிடந்த குடலில் நடப்பது என்ன? காற்றில் உள்ள ஆக்சிஜன் அதே பிணைப்புகளைத் தாறுமாறாகத் தின்றுவிடுகிறது. சிக்கு வாடை என்று நாம் மூக்கைப் பொத்துகிறோமே, கையில் இருந்த மூலப்பொருள் வீணாகும் வாடை அது.

கட்டுரை சொல்லாமல் விட்ட சில சங்கடங்களையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கைட்டோசானைச் சாதாரண பிளாஸ்டிக் போல உருக்கி அச்சில் வார்க்க முடியாது. உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும். எனவே தண்ணீர் பாட்டிலை எதிர்பார்க்க வேண்டாம். இந்தத் தாள்கள் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. ரொட்டிப் பை, அட்டைப் பெட்டியின் ஜன்னல் தாள் போன்ற உலர்ந்த, கொஞ்ச நாளே தேவைப்படும் பொருளுக்குச் சரி. இறால், மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். புரதம் முழுசாக நீங்கவில்லை என்றால் உணவுப் பொட்டலத்தில் அது ஆபத்து. எதிலிருந்து செய்தது என்று உறையின் மேலேயே பெரிதாக அச்சடிக்க வேண்டும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது கழிவு நீர். ஓட்டைச் சுத்தப்படுத்திய அமிலமும் காஸ்டிக் சோடாவும் சுத்திகரிக்காமல் கால்வாயில் போனால், பிளாஸ்டிக் குப்பையைக் குறைத்துக் கால்வாயைக் கெடுத்தவர்கள் ஆவோம். லாக்டிக் அமில நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கவைத்து, புரதத்தையும் சுண்ணாம்பையும் பிரிக்கும் முறையும் இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் ரசாயனம் குறையும். பிரித்த புரதமும் தீவனத்துக்கு ஆகும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் புதிய தாளுக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும்.

மீனில் மிஞ்சுவதெல்லாம் வீண் என்று எழுதுவதும் சரியல்ல. தீவனத்துக்காக உலகில் தயாராகும் மீன் தூளில் மூன்றில் ஒரு பங்கு இந்த மிச்சங்களிலிருந்துதான் வருகிறது. தலையும் குடலும் அங்கே நன்றாகப் பயன்படுகிற இடத்தில் பிளாஸ்டிக்குக்காக அதைப் பிடுங்க வேண்டியதில்லை. சாம்பல் சத்து (சுண்ணாம்பு போன்ற தாதுப்பொருள்) அதிகம் என்று தீவனக்காரர்கள் ஒதுக்கும் ஓட்டையும் செதிலையும் எடுத்துக்கொள்ளலாம். இறால், நண்டு, லாப்ஸ்டர் ஓடு மட்டும் உலகில் வருடத்துக்கு 60 முதல் 80 லட்சம் டன் சேர்கிறது என்று 2015இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். அது போதாதா?

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் முதலில் தேவையில்லை. மேசைக்குக் கீழே ஒரு கூடைக்குப் பதில் மூன்று கூடை. ஓட்டுக்குத் தனி, தோலுக்கும் செதிலுக்கும் தனி, குடலுக்குத் தனி. சதைக்குப் போகும் ஐஸில் கொஞ்சம் ஓட்டுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூடையைக் குளிர் அறைக்கு மாற்ற ஒரு ஆள். இதை நான் வேலை பார்த்த இடத்தில் கேட்டேன். குப்பைக்கு ஐஸா என்று சொல்லி முடித்துவிட்டார்கள். வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு அவர்கள் ஏன் செலவழிப்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆகவே பிளாஸ்டிக் செய்யப்போகிறவர்கள் ஆலைகளோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, புதிதாக வரும் ஓட்டுக்குத் தனி விலை கொடுக்க வேண்டும். கூடையைப் பிரித்து வைக்கும் பெண்களின் கூலியும் அந்த விலையில் சேர வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரல் வெளுத்துப்போகிறவர்களுக்கு இன்னொரு வேலையைச் சும்மா ஏற்ற முடியாது.

அடுத்த இதழில் இதைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், உங்கள் நிருபரை ஒரு ஆலைக்குக் காலை ஆறு மணிக்கு அனுப்பிவையுங்கள். அன்று மாலை லாரி கிளம்பும்வரை அவர் அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு ஊழியர்