பஞ்சாரத்துக்குள் ஒரு கூகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நெல்வயல் எலிகளைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்து, கிட்டிப் பொறி, வளை வெட்டுவது எல்லாம் இருந்தது. எலி பிடிக்கும் ஆந்தையான கூகையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. போன மார்கழியில் ஒரு பகல் முழுக்கக் கூகைக்குக் காவல் இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

காலை எட்டு மணி இருக்கும். கொல்லையில் காக்கைகள் கத்திய கத்தில், பாம்பு என்று நினைத்துக் கம்போடு போனேன். வைக்கோல் போரில் சாய்ந்தபடி ஒரு கூகை. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை 63 வயதில்தான் கண்ணால் பார்த்தேன். அரசிலை வடிவில் வெள்ளை முகம், கருகருவென்று கண்கள். கிட்டே குனிந்ததும் குக்கரில் ஆவி கசிவது போலச் சீறியது. கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டேன். காக்கைகள் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போயின.

அப்புறம் மனிதர்கள் வந்தார்கள். “சாக்குருவிய வீட்டுல வைக்கலாமாங்க, தொரத்தி விடுங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா கிட்டவே வரவில்லை. ஆனால் வெயில் படுகிறதா என்று இரண்டு முறை கேட்டார். நான் தண்ணீர் புகட்டவில்லை, தொடவும் இல்லை. அந்த நகங்களைப் பார்த்தவர் யாரும் தொட மாட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினேன். தலையை முதுகுப் பக்கம்வரை திருப்பிப் பார்த்துவிட்டு, என் தோளை ஒட்டிப் பறந்தது. முகத்தில் காற்றுப் பட்டது, சத்தம் இல்லை. புறா எழும்பினால்கூடப் படபடவென்று கேட்கும். கூகையின் இறகோரம் பஞ்சுப் பிசிறு போல இருப்பதால் ஓசை எழுவதில்லை. காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாததால், இருட்டில் எலி அசையும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

பஞ்சாரம் இருந்த இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கருப்பு உருண்டை. செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை இப்படிக் கக்கிவிடும். ஊறவைத்துப் பிரித்தேன். எலி மண்டையோடு மூன்று!

கிட்டி வைப்பவருக்கு எலிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம். கூகைக்கு உட்கார இடம் இருந்தால் போதும். முன்பெல்லாம் அதற்காகவே தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நடுவார்கள். இப்போது புரோமடியோலோன் என்ற எலி மருந்தை வைக்கிறோம். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்குச் சுலபமாக அகப்படுவது அந்த எலிதான். விஷம் அதற்கும் ஏறும். மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, நானும் வைத்தவன்தான். அடுத்த முறை எழுதும்போது, செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்கச் சொல்லி இரண்டு வரி சேருங்கள். எங்கள் பக்கம் வாய்க்காலில்தான் வீசுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்