மருத்துவர்கள் கப்பல் ஏறினால் வார்டில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர் என்று பேச்சு வந்தாலே கடற்படையின் மருத்துவமனைக் கப்பலில் எத்தனை படுக்கை தேவை என்று கணக்குப் போடுகிறோம். படுக்கையை எப்படியும் போட்டுவிடலாம். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில், பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த 'உகாண்டா' கப்பலை ஜிப்ரால்டரில் சில நாட்களிலேயே மருத்துவமனையாக மாற்றினார்கள். ஆட்கள்தான் சிக்கல். 1990இல் வளைகுடாவுக்குக் கிளம்பிய அமெரிக்காவின் 'கம்ஃபர்ட்', 'மெர்சி' கப்பல்களில் தலா 1000 படுக்கை, 12 அறுவை அரங்கு. அவற்றுக்கான மருத்துவக் குழுக்களைக் கரையில் உள்ள கடற்படை மருத்துவமனைகளில் இருந்துதான் எடுத்தார்கள். அங்கே காலியான இடங்களுக்கு ரிசர்வ் படையினரை அழைக்க வேண்டியிருந்தது.

தீக்காயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாக்குதலுக்கு உள்ளான கப்பலில் இருந்து அதுதான் கொத்தாக வரும். 60 கிலோ எடை, உடலில் 40 சதவீதம் வெந்த ஒருவருக்கு முதல் 24 மணி நேரத்தில், ஒரு கிலோ எடைக்கு, வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மி.லி. என்ற கணக்கில் 4 × 60 × 40 = 9600 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் காயம் பட்டதில் இருந்து தொடங்குகிறது, வார்டுக்கு வந்ததில் இருந்து அல்ல. பலரும் தவறுவது இங்கேதான். 3 மணி நேரம் கழித்து வந்தவருக்கு அந்த 4800 மி.லி.யை மீதி 5 மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும். மணிக்கு 30 மி.லி. சிறுநீர் வருகிறதா என்று ஒவ்வொரு மணியும் அளக்க வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் போகும். கண்டபடி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். இப்படிப் பத்துப் பேர் என்றால் அரை லிட்டர் பாட்டில் 192. அதை ஸ்டோரில் இருந்து எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு பேருக்கு ஒரு செவிலியர் என்று வைத்தாலும் ஷிப்டுக்கு 5 பேர், 12 மணி நேர ஷிப்டு இரண்டுக்கு 10 பேர். கடல் ஒவ்வாமையில் படுத்துவிடுபவர்களுக்கு மாற்றாக இன்னும் இருவராவது வேண்டும்.

அறுவை அரங்கிலும் அப்படியே. இரண்டு மேசை இரவு பகலாக ஓட நான்கு மயக்க மருந்து நிபுணர்கள் தேவை. சர்ஜன்கள் எத்தனை பேர் இருந்தாலும், இவர்கள் இல்லையென்றால் மேசை சும்மா கிடக்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை இயக்கும் டெக்னீஷியன் இல்லாவிட்டால், கொண்டுபோன கருவிகளைப் பயன்படுத்தி முடித்ததும் வேலை நின்றுவிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 5 நாளுக்கு மேல் தாங்காது என்பதால் நெடுங்கடலில் மாலுமிகளின் புது ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும். ரத்த வகை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளைக் கப்பல் கிளம்பும் முன்பே முடித்துப் பட்டியலிட லேப் டெக்னீஷியன் வேண்டும். ஸ்ட்ரெச்சர் தூக்கவும் தனி ஆட்கள் தேவை. 'உகாண்டா'வில் கடற்படைக் காலாட்படையின் பேண்டு வாத்தியக் கலைஞர்கள் அதைச் செய்தார்கள்.

சென்னைக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. 1914இல் மதராஸ் போர் நிதியில் 'டாண்டா' என்ற கப்பல் 'மதராஸ்' மருத்துவமனைக் கப்பலானது. அடுத்த ஆண்டே மெசபடோமியாவில் (இன்றைய இராக்), டெசிஃபோன் சண்டையில் காயம்பட்டவர்கள் கட்டு மாற்றக்கூட ஆளில்லாமல் ஆற்றுப் படகுகளில் பாஸ்ரா வந்து சேர்ந்தார்கள். அந்தக் கொடுமையை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 1917இல் வெளிவந்தது.

எனவே துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஸ்டான்லி, தீக்காயப் பிரிவுள்ள கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை ஆகியவற்றில் பதவி வாரியாக இரண்டு பட்டியல்களை இப்போதே தயாரிக்க வேண்டும்: கப்பலில் ஏறுபவர்கள், அவர்கள் இடத்தை நிரப்புபவர்கள். ஒரு துறையில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டைக் காலி செய்து கப்பலை நிரப்பினால், கரைக்குத் திரும்பும் அதே வீரர்களுக்கு மாதக்கணக்கில் தோல் ஒட்டும் சிகிச்சையை யார் செய்வது? ஓய்வு பெற்ற செவிலியர்களையும் டெக்னீஷியன்களையும் இரண்டாவது பட்டியலில் சேர்க்கலாம்.

கப்பலில் ஏறுபவர்களுக்குத் தடுப்பூசி, போரில் மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு தரும் ஜெனீவா ஒப்பந்தப்படியான அடையாள அட்டை, கடலில் ஒரு நாள் பயிற்சி ஆகியவை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். சம்பளம், சீனியாரிட்டி, காப்பீடு, திரும்பும் தேதி ஆகியவற்றுக்கு அரசாணை வேண்டும். அது இல்லாமல் குடும்பஸ்தர்களைக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமில்லை. பட்டியலை மயக்க மருந்துத் துறையில் இருந்து தொடங்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்படை மருத்துவப் பணியில் ஓய்வு பெற்றோர் சிலர்,
ராயபுரம், சென்னை