உங்களுக்குக் காது கேட்டது, அப்பா

அப்பா,

இன்று உங்கள் முதல் வருஷத் திவசம். அண்ணன் வீட்டில் நடக்கிறது. நான் போகவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்குப் பாதி தெரியும். மீதியை இங்கே எழுத மாட்டேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துச் சபா பருவம் வாசித்தீர்கள். திரௌபதியைப் பணயம் வைத்ததும் சபையில் பெரியவர்கள் 'சீ, சீ' என்கிறார்கள். விதுரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். திருதராஷ்டிரன் மட்டும் சந்தோஷத்தை மறைக்க முடியாமல் 'ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்தக் குரலை நீங்கள் செய்துகாட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கண்ணு தெரியாதவன்னு பாவப்படாதே பாப்பா. காது கேட்டுச்சுல்ல அவனுக்கு? அந்தப் பொண்ணு சபையில கேட்டதும் கேட்டுச்சு. பதில் சொல்ல வேண்டியவன் ராஜாதான்."

அப்புறம் எத்தனையோ பேர் ராஜதர்மம் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தத் திண்ணைதான் பாடம்.

அதனால்தான் பத்திரத்தை நீட்டிய அன்று, அண்ணன் என்னைப் பேசிய பேச்சுக்கு நீங்கள் தலை நிமிராமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "உங்களுக்குக் காது கேட்குதுதானே அப்பா?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் காது மெஷினைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். உங்களுக்குப் புரிந்தது. பேப்பரை நாலாக மடித்தீர்கள். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மன்னியுங்கள் அப்பா. எண்பது வயது மனிதரிடம், அவரே சொல்லிக்கொடுத்ததை எடுத்து வீசியிருக்கக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்? அந்த வீட்டில் ராஜா நீங்கள்தானே. ராத்திரி போன் செய்து 'பின்கட்டு உனக்குத்தான்' என்றீர்கள். காலையில் அது இல்லை என்று ஆனது. திரௌபதிக்கு வரம் கொடுத்து எல்லாவற்றையும் திருப்பித் தந்தவன், பாண்டவர்கள் ஊர் போய்ச் சேருமுன் மகன் பேச்சைக் கேட்டு மறுபடி சூதுக்கு அழைத்தானே, அதே மாதிரி. எனக்குப் பின்கட்டு பெரிதில்லை. நீங்கள் அந்த ஆளாக ஆனதைத்தான் தாங்க முடியவில்லை.

எட்டு மாதம் நான் வரவில்லை. அப்புறம் வந்தது உங்களைப் பார்க்க இல்லை.

நம் பாரத வால்யூம்கள் அண்ணனிடம் இருக்கின்றன. நூலகத்தில் எடுத்து மறுபடி படித்தேன். சாந்தி பருவத்தில், கர்ப்பிணி தனக்குப் பிடித்ததை விட்டு வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதைப் பார்ப்பதுபோல ராஜா குடிகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் பீஷ்மர். படித்ததும் கோபம்தான் வந்தது. சபையில் அவள் கேட்டபோது 'தர்மம் நுட்பமானது' என்று ஒதுங்கியவர், அம்புப் படுக்கையில் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்!

ஆசிரமவாசிக பருவத்துக்கு வந்தபோதுதான், அதை நீங்கள் எங்களுக்கு வாசித்ததே இல்லை என்று ஞாபகம் வந்தது. பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிடுவீர்கள். போர் முடிந்து 15 வருஷம் தருமனின் நிழலில் இருந்துவிட்டு, காட்டுக்குப் போகுமுன் திருதராஷ்டிரன் குடிகளைக் கூப்பிடுகிறான். பிள்ளைகளை இழந்த கிழவன் நான், என் மகன் செய்ததற்கும் என்னால் வந்ததற்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கை கூப்புகிறான். ஜனங்கள் அழுகிறார்கள். உங்கள் மேல் குற்றமில்லை, விதி என்கிறார்கள்.

அவ்வளவு சுலபமாக என்னால் விதி என்று சொல்ல முடியாது அப்பா. ஆனால் நீங்கள் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். ஒருவேளை கூப்பிட நினைத்தீர்களோ என்னவோ. எட்டு மாதமும் உங்கள் நம்பர் வந்தால் எடுக்காமல் இருந்தவள் நான்தானே.

நாளைக்கு அண்ணனுக்குப் போன் செய்து அந்த வால்யூம்களைக் கேட்கப் போகிறேன். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். ஆசிரமவாசிகத்தில் உங்கள் பென்சில் கோடு எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாப்பா