கிளவ்ஸ்ஹோல்ம் மாளிகைக்கு ஒரு தமிழ்க் கையேடு: நன்கொடை வேண்டுகோள்

டென்மார்க் வாழ் உறவுகளுக்கு வணக்கம்.

ரண்டர்ஸ் நகருக்குத் தெற்கே அகழி சூழ நிற்கும் கிளவ்ஸ்ஹோல்ம் மாளிகையைப் பற்றித் தமிழில், படங்களோடு ஒரு கையேடு அச்சிட முனைந்திருக்கிறோம். உங்கள் கையுதவி இல்லாமல் அது முடியாது.

அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியக் கட்டடக்கலையான பரோக் பாணியில் அமைந்த இந்த மாளிகையை 1690களில் கட்டியவர், பின்னாளில் நாட்டின் பெருஞ்சான்சலரான, அதாவது மன்னரின் தலைமை அமைச்சரான, கொன்ராட் ரெவன்ட்லோ. சுதை வேலைப்பாடு நிறைந்த விதானங்களும் நீரூற்றுத் தோட்டமும் பார்க்கப் பார்க்கச் சலிக்காதவை. ஆனால் எங்களை உலுக்கியது அவர் மகள் அன்னா சோபியின் கதை. மன்னர் நான்காம் பிரெடரிக், அரசி உயிரோடு இருக்கும்போதே, 1712இல் அன்னா சோபியை இங்கிருந்து கவர்ந்து சென்றார். அரசி மறைந்த 1721இல் முறைப்படி மணந்து அரசியாக்கினார். பெற்ற பிள்ளைகள் ஒருவரும் தங்கவில்லை. 1730இல் மன்னர் கண்மூடியதும் புதிய அரசர் அவரைத் தலைநகரிலிருந்து விலக்கி இங்கேயே அனுப்பிவிட்டார். 1743இல் இறக்கும்வரை இதுவே அவர் உலகம்.

இந்த பிரெடரிக் நமக்கு அந்நியர் அல்லர். அவர் அனுப்பித்தான் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு, அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கினார். அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அவர் ஆட்சியில்தான். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அவருடைய மணிமுடிச் சின்னமும் பெயர்முத்திரையும் இன்றும் இருக்கின்றன. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துச் சொல்ல ஒரு நூல் கையில் இருக்க வேண்டாமா?

மாளிகைச் சிற்றாலயத்தில் உள்ள, குழல்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் ஆர்கன் கருவிக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. காற்று கசியாமல் அடைக்க அதற்குள் ஒட்டியிருந்த பழைய தாள்களில் 17ஆம் நூற்றாண்டின் இசைக் குறிப்புகள் கிடைத்தன. இசை ஆய்வாளர்களுக்கு அது பெரும் புதையல்.

எழுதுவோரும் பிழை திருத்துவோரும் ஊதியம் பெறவில்லை. சேரும் பணம் ஓவியருக்கும் அச்சகத்துக்கும் மட்டுமே. 50 குரோனர் என்றாலும் மனமுவந்து தாருங்கள். உங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலையில் எங்கள் உறுப்பினரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். தரங்கம்பாடியின் பழைய படங்கள் வைத்திருப்போர் அவற்றை இரவல் தந்தால் அதுவும் பெரிய நன்கொடைதான். தை மாத முடிவுக்குள் கிடைத்தால் கோடை விடுமுறைக்கு முன் நூல் உங்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்